உதட்டுக் கொப்புளமும் வயிற்றுப் பிள்ளையும்

வளைகாப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் தங்கை விடிந்ததும் போனில் ஒரு படம் அனுப்பினாள். மேலுதட்டின் வலது ஓரம், கடுகு அளவில் நாலைந்து நீர்க்கொப்புளம், கொத்தாக. சுற்றிலும் லேசான சிவப்பு. கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

கொப்புளம் அவளுக்குப் புதிதல்ல. பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் வந்தது. சித்தப்பா தவறியபோது வந்தது. டைபாய்டு காய்ச்சல் விட்ட மறுவாரம் வந்தது. உடம்போ மனசோ அலுத்துப்போகும்போதெல்லாம் அதே மூலையில் எட்டிப் பார்க்கும், பத்து நாளில் போய்விடும். அப்போதெல்லாம் அவளுக்குக் கவலை முகம் அசிங்கமாகத் தெரிகிறதே என்பது மட்டும்தான். இந்தத் தடவை ராத்திரி முழுக்க இணையத்தில் தேடியிருக்கிறாள். 'ஹெர்பிஸ்', 'பச்சிளம் குழந்தை', 'மூளை' ஆகிய மூன்று சொற்களை ஒரே பக்கத்தில் பார்த்த கர்ப்பிணிக்கு எப்படித் தூக்கம் வரும்?

"ஒண்ணும் ஆகாதுடி" என்று உடனே பதில் போட்டேன். தப்பில்லை, ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி பிரசவத்துக்குப் பிறகு வருகிறது. நம் வீடுகளில் பயமெல்லாம் முதல் பாதியிலேயே செலவாகிவிடுகிறது, கவனம் தேவைப்படும் இரண்டாம் பாதியில் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருப்பதில்லை.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். நம் ஊரில் இதற்கு ஒரே பெயர் கிடையாது. காய்ச்சல் கொப்புளம் என்பார்கள், சூட்டுக் கொப்புளம் என்பார்கள், ராத்திரி ஏதோ பூச்சி பட்டிருக்கு என்று விட்டுவிடுவார்கள். சிலர் அக்கி என்கிறார்கள். இந்தக் கடைசிப் பெயரில்தான் சிக்கல். மண்பாண்டம் செய்பவரிடம் போய்க் காவியில் எழுதிக்கொள்கிற அக்கி, சின்னம்மை வைரஸின் வேலை. முதுகிலோ இடுப்பிலோ முகத்திலோ ஒரு பக்கமாகப் பட்டை போட்டு எரியும். உதட்டில் வருவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற இன்னொரு வைரஸ். இரண்டும் ஒரே குடும்பம்தான், பெரியப்பா பிள்ளை சித்தப்பா பிள்ளை மாதிரி. ஆனால் குணம் வேறு. சின்னம்மை வந்திராத, அதற்குத் தடுப்பூசியும் போட்டிராத கர்ப்பிணி, அக்கி கண்டவர் பக்கத்தில் இருக்க நேர்ந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். உதட்டுக் கொப்புளத்துக்கு அந்த அவசரம் இல்லை. அதனால் 'அக்கி' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எங்கே வந்திருக்கிறது, எப்படி இருக்கிறது என்று காட்டுவது நல்லது.

வாய்க்குள் வெள்ளையாகப் பள்ளம் விழுந்து எரிகிற வாய்ப்புண்ணும் வேறு சங்கதி, அது யாருக்கும் ஒட்டாது. வாயின் இரண்டு ஓரமும் வெடிப்பதும் வேறு. இரும்புச்சத்தோ பி வைட்டமினோ குறைந்தால் அப்படி வரும், கர்ப்பிணிகளிடம் அதிகம் பார்க்கலாம்.

உதட்டுக் கொப்புளத்துக்கு என்று ஒரு நடைமுறை உண்டு. முதலில் அந்த இடத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு, இல்லை லேசான எரிச்சல். ஒரு நாளுக்குள் சிவந்து தடித்து, நீர் கோத்த சின்னக் கொப்புளங்கள் கொத்தாக எழும்பும். அப்புறம் அவை உடைந்து ஈரப் புண்ணாகும், தேன் நிறத்தில் பொருக்குத் தட்டும், ஏழு முதல் பத்து நாளில் பொருக்கு உதிர்ந்து தோல் பழையபடி ஆகிவிடும். தழும்பு அநேகமாக இருக்காது. அடிக்கடி வருகிறவர்களுக்கு அந்தக் குறுகுறுப்பே போதும், நாளைக்குக் கண்ணாடியில் என்ன தெரியும் என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த வைரஸில் இரண்டு வகை. உதட்டில் வருவது பெரும்பாலும் முதல் வகை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம், அதாவது 100க்கு 64 பேரிடம், இந்த முதல் வகை இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது சின்ன வயதில் ஒரு முத்தத்திலோ எச்சில் பண்டத்திலோ வந்திருக்கும். பலருக்கு வந்ததே தெரியாது. ஆகவே "யார்கிட்ட இருந்து வாங்கிட்டு வந்தே?" என்று கர்ப்பிணியைப் பார்த்து முகத்தைச் சுளிப்பதில் அர்த்தமில்லை. கேட்பவரிடமே அது இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு தடவை உள்ளே வந்த வைரஸ் வெளியே போவதில்லை. முகத்துக்கு உணர்ச்சி தருகிற நரம்பின் முடிச்சு ஒன்று மண்டையோட்டுக்குள் இருக்கிறது. அங்கே போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மன அழுத்தம், பல் பிடுங்குவது என்று ஏதாவது தட்டி எழுப்பினால் நரம்பு வழியே இறங்கி அதே உதட்டுக்கு வரும். ஏழாம் மாதத்தில் இடது பக்கம் வலது பக்கம் என்று புரண்டு, இரண்டு மணிக்கு ஒரு தரம் பாத்ரூம் போய்வரும் பெண்ணுக்கு இதில் எது இல்லை? கர்ப்பத்தில் உடம்பின் எதிர்ப்பு சக்தியும் கொஞ்சம் வேறு தாளத்துக்கு மாறியிருக்கும். அதனால் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு தரம் கூடுதலாக வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

சரி, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு?

திரும்பத் திரும்ப வருகிற உதட்டுக் கொப்புளத்தில் வைரஸின் பாதை மிகக் குறுகியது: நரம்பு முடிச்சு, நரம்பு, உதட்டுத் தோல். ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றி, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகிற வழி அதில் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். போதாததற்கு, பல வருடமாக இந்த வைரஸோடு குடித்தனம் நடத்தும் தாயின் உடம்பில் அதற்கான எதிர்ப்புப் புரதம் நிறைய இருக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதில் ஒரு பங்கை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் அனுப்பிவிடுவாள். சீர்வரிசை போகுமுன்பே போய்ச் சேரும் சீர் அது. ஆகவே பழைய கொப்புளம் திரும்ப வந்தால் கரு கலையாது, ஊனம் வராது, அதை வைத்து சிசேரியன் செய்யவும் காரணமில்லை. அடுத்த செக்கப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

வாழ்க்கையில் முதல் முறையாக, அதுவும் கர்ப்பத்தில் வந்தால் கதை கொஞ்சம் மாறும். முதல் தொற்று வெறும் ஒரு கொத்துக் கொப்புளத்தோடு நிற்காமல் ஆளையே படுக்க வைக்கலாம். காய்ச்சல், ஈறு முழுக்க வீங்கிப் புண்ணாவது, தொண்டையில் விழுங்க முடியாத வலி, கழுத்தில் நெறிகட்டுவது எல்லாம் சேர்ந்து வரும். அப்போது மருந்துக் கடையோடு நிற்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் வரும் முதல் தொற்று அபூர்வமாக ஈரலைத் தாக்குவது உண்டு. இறங்காத கடும் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, ரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவுகள் தாறுமாறு, ஆனால் மஞ்சள் காமாலை கண்ணில் தெரியாது. கர்ப்ப கால ரத்தக்கொதிப்புச் சிக்கல் மாதிரியே தோற்றம் காட்டி ஏமாற்றும். மிக அரிதுதான். ஆனாலும் "போன வாரம் வாயெல்லாம் புண்ணா இருந்துச்சு டாக்டர்" என்ற ஒரு வாக்கியம் அந்த நேரத்தில் நோயைக் கண்டுபிடிக்க உதவும்.

அப்புறம், வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. இணையத்தில் என் தங்கை படித்துப் பயந்தது முக்கால்வாசியும் பிறப்புறுப்பில் வரும் ஹெர்பிஸைப் பற்றியது. அது பெரும்பாலும் இரண்டாம் வகை, இப்போது முதல் வகையும் கணிசமாக. பிரசவத்தின்போது குழந்தை அந்த வழியாக வருவதால் தொற்றிக்கொள்ளும். அதிலும் பழையது புதியது என்ற வித்தியாசம்தான் எல்லாம். பிரசவம் நெருங்கும் சமயத்தில் புதிதாக வந்த தொற்று என்றால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 100க்கு 30 முதல் 50 வரை. பல வருடமாக இருந்து திரும்ப வருவது என்றால் 100க்கு 3க்கும் கீழே. கடைசி வாரங்களில் புதிதாக வந்தால் சிசேரியனுக்குப் போவார்கள். பழையது என்றால் 36ஆம் வாரத்திலிருந்து மாத்திரை கொடுத்து அடக்கிவைத்து, பிரசவ நேரத்தில் புண் இல்லையென்றால் சுகப்பிரசவத்துக்கே விடுவார்கள்.

உதட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், உதட்டுக் கொப்புளம் உள்ள கணவரின் வாய் மனைவியின் பிறப்புறுப்பில் பட்டால் முதல் வகை வைரஸ் அங்கேயும் குடியேறும். மனைவிக்கு இதுவரை இந்த வைரஸே வந்ததில்லை, இது எட்டாம் ஒன்பதாம் மாதம் என்றால், மேலே சொன்ன 'பிரசவம் நெருங்கும்போது புதிதாக' என்ற மோசமான வரிசையில் போய் நிற்க வேண்டிவரும். எனவே கணவருக்குக் கொப்புளம் இருக்கிற நாட்களில் அந்த வகை நெருக்கமும் வேண்டாம், முத்தமும் வேண்டாம். இதை டாக்டரிடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமலே வருகிறவர்கள் நிறைய. டாக்டரின் காதில் தினமும் விழுகிற கேள்விதான் இது.

இன்னொரு பயம் லேப் ரிப்போர்ட்டிலிருந்து வரும். டார்ச் டெஸ்ட் என்று, கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளைத் தேடும் ரத்தப் பரிசோதனை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள், முக்கியமாக ஒரு கரு கலைந்தவர்களுக்கு. அதில் ஹெர்பிஸ் ஐஜிஜி (எதிர்ப்புப் புரதத்தில் ஒரு வகை) என்ற வரிக்கு எதிரே 'பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுத பெண்களை எனக்குத் தெரியும். ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் எப்போதோ ஒரு காலத்தில் இந்த வைரஸ் வந்து போயிருக்கிறது என்பது மட்டுமே பொருள். நூற்றில் அறுபத்து நாலு பேரிடம் இருக்கும் ஒன்று ரிப்போர்ட்டில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஐஜிஎம் என்ற இன்னொரு வரி பாசிட்டிவாக வந்தாலும் புதுத் தொற்று என்று உறுதி சொல்ல முடியாது, பழையது தலைதூக்கும்போதும் அது ஏறும். அறிகுறி இல்லாத கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை தேவையில்லை என்பதுதான் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் நிலை. கரு மீண்டும் மீண்டும் கலைவதற்குக் காரணம் தேட இந்தப் பரிசோதனை உதவாது என்பது பிரிட்டன் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் நிலை. இந்த ஒரு வரியை வைத்து மாதக்கணக்கில் வைரஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தால், எதற்காக என்று தயங்காமல் கேளுங்கள்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். படம் அனுப்பிய அன்று மதியமே என் தங்கை தெருமுனைக் கடைக்குப் போய்விட்டாள். கடைக்காரர் உதட்டைப் பார்த்தார், வயிற்றைப் பார்க்கவில்லை. "இதைத் தடவுங்க, ரெண்டு நாள்ல போயிடும்" என்று ஒரு டியூபைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அட்டையில் இருந்த பொடி எழுத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். பெரிதாக்கிப் படித்தால் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டசால். மூன்றிலும் வைரஸுக்கு மருந்து கிடையாது. க்ளோபெட்டசால் வீரியமான ஸ்டீராய்டு. அது அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தியை அமுக்கும், சிவப்பு குறைவதுபோலத் தெரியும், அடியில் வைரஸ் சாவகாசமாகப் பரவும். படர்தாமரையிலிருந்து பரு வரைக்கும் நம் ஊரில் இந்தக் கலவை க்ரீமைத்தான் நீட்டுகிறார்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று அட்டையில் இருந்தால் உதட்டுக் கொப்புளத்தில் வைக்க வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்றேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

இதற்கு உரிய மருந்து அசைக்ளோவிர். அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியனும் அவருடைய குழுவும் உருவாக்கி, 1982இல் அங்கே அனுமதி பெற்றது. எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்தின் அழகு அது வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. உடம்புக்குள் போகும்போது அது பூட்டிய பெட்டி. திறக்கும் சாவி வைரஸ் உண்டாக்கும் ஒரு நொதி. வைரஸ் பிடித்த செல்லுக்குள் மட்டும் பெட்டி திறக்கும், வைரஸ் தன்னைப் பிரதி எடுக்க முடியாமல் போகும். மற்ற செல்களில் பூட்டியபடியே கிடந்து சிறுநீரில் போய்விடும். கர்ப்பிணிகளுக்கு இதைத் தைரியமாகக் கொடுப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அனுபவம். டென்மார்க்கில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உயிரோடு பிறந்த 8,37,795 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். முதல் மூன்று மாதத்தில் அசைக்ளோவிர் அல்லது அதன் உறவுக்கார மாத்திரைகளைத் தாய் எடுத்துக்கொண்ட கர்ப்பங்கள் 1,804. அவற்றில் பெரிய பிறவிக் குறைபாடு 2.2 சதவீதம். எடுக்காதவர்களிடம் 2.4 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம். 2010இல் வெளியான கணக்கு இது. முதல் மூன்று மாதம்தான் குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம். அப்போதே மாத்திரையால் கெடுதல் தெரியவில்லை என்றால், உதட்டில் பட்டாணி அளவுக்கும் குறைவாக வைக்கும் க்ரீமிலிருந்து ரத்தத்துக்குப் போவது கணக்கிலேயே வராது.

க்ரீம் 5 சதவீத அசைக்ளோவிர். விழித்திருக்கும் நேரத்தில் நாலு மணிக்கு ஒரு தரம், நாளைக்கு ஐந்து முறை, ஐந்து நாள். குறுகுறுப்பு தெரிந்தவுடனே ஆரம்பித்தால்தான் பலன். ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், அப்போதும் அரை நாள், ஒரு நாள் சீக்கிரம் ஆறும், அவ்வளவுதான். கொப்புளம் உடைந்து பொருக்குத் தட்டிய பிறகு தடவுவது மனத் திருப்திக்கு. தடவாமல் விட்டாலும் தானாக ஆறிவிடும் என்பதால், கர்ப்பத்தில் எந்த மருந்தும் வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் சும்மா இருப்பதிலும் தவறில்லை. அடிக்கடியோ, முகத்தில் படர்ந்தோ வந்தால் டாக்டர் மாத்திரை கொடுப்பார். அளவை அவர்தான் சொல்ல வேண்டும், போன தடவை சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகக் கூடாது.

வலிக்குப் பாரசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் 20ஆம் வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், பனிக்குட நீர் குறையலாம். கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தருகே இருக்கும் ஒரு ரத்தக்குழாயை அகாலத்தில் மூடவும் செய்யலாம். நம் கடைகளில் பாரசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் கலந்த மாத்திரை சர்வ சாதாரணமாகக் கிடைக்கும், வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

வீட்டு வைத்தியத்தில் அப்பத்தா சொன்னது சுண்ணாம்பு. வேண்டவே வேண்டாம், கொப்புளத்தோடு நல்ல தோலையும் சேர்த்துப் பொசுக்கும். பற்பசையும் அதே ரகம். காவியால் பலன் இல்லை. பொருக்கு வெடித்து ரத்தம் கசியாமல் இருக்கக் கொஞ்சம் வாசலின் போதும். சுத்தமான துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றி ஐந்து நிமிடம் ஒற்றினால் எரிச்சல் அடங்கும். ஊறுகாய், புளிக்குழம்பு, எலுமிச்சை எல்லாம் ஒரு வாரம் தள்ளிவையுங்கள், மோரும் கஞ்சியும் இளநீரும் உதட்டில் பட்டால் சுருக்கென்று குத்தாது. வெயில் பட்டால் வருகிறவர்கள் வெளியே போகும்போது முந்தானையையாவது முகத்துக்கு நிழலாகப் பிடித்துக்கொள்ளலாம். பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தால் பொருக்கு உதிரும்வரை தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

கை முக்கியம். கொப்புளத்தைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் வைரஸ் கண்ணுக்குப் போகும். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசினால் அன்றைக்கே கண் டாக்டர். கருவிழியில் வடு விழவிட்டால் பார்வையே போய்விடலாம். க்ரீமைப் பஞ்சுக் குச்சியால் வையுங்கள், தேய்க்காமல் ஒற்றி வையுங்கள், முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். துண்டு, டம்ளர், உதட்டுச்சாயம் தனி. இரண்டு வாரமாகியும் ஆறவில்லை, அல்லது கரப்பான் நோய் இருக்கும் தோலில் படர ஆரம்பித்துவிட்டது என்றாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இனி அந்த இரண்டாம் பாதி.

பிறந்த குழந்தைக்கு ஹெர்பிஸ் வருவது மிக அரிது. உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 14,000 குழந்தைகள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் 85 சதவீதம் பிரசவத்தின்போது தொற்றுவது, 5 சதவீதம் வயிற்றுக்குள். மீதி 10 சதவீதம் பிறந்த பிறகு யாரோ ஒருவரின் உதட்டிலிருந்தோ கையிலிருந்தோ வருவது. அந்த யாரோ ஒருவர் தாயாகவே இருக்க வேண்டியதில்லை. அப்பா, பாட்டி, அத்தை, பிள்ளை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம். அரிதானாலும் வந்தால் கொடூரம். முதல் நாலு வாரத்தில் குழந்தைக்கு வைரஸைக் கட்டிப்போடும் வலு இல்லை. தோலில் தொடங்கி மூளைக்கும் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போய்விடும். உடம்பு முழுக்கப் பரவிவிட்டால், சிகிச்சை இல்லாமல் 100க்கு 85 குழந்தைகள் இறந்துபோகும். ரத்தக்குழாய் வழியே அசைக்ளோவிர் கொடுத்தும் 100க்கு 30 பேரைக் காப்பாற்ற முடிவதில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. என் தங்கை மாதிரி, சின்ன வயதிலிருந்து கொப்புளம் வந்துகொண்டிருக்கும் தாயின் குழந்தைக்கு அவளுடைய எதிர்ப்புப் புரதம் கொஞ்சம் கவசமாக இருக்கும். இந்த வைரஸையே பார்த்திராத தாயின் குழந்தைக்கு அந்தக் கவசம் கிடையாது. அந்தக் குழந்தையை உதட்டில் புண்ணோடு ஒரு பெரியவர் கொஞ்சுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஆனால் நடப்பில் கொப்புளம் வந்த தாயைத்தான் "தள்ளிப் படு" என்கிறார்கள்.

தாய் தள்ளிப் படுக்க வேண்டாம். கை கழுவி, வாயை மூடி மாஸ்க் போட்டு, பொருக்கு உதிரும்வரை குழந்தைக்கு முத்தம் கொடுக்காமல் இருந்தால் போதும். பால் தாராளமாகக் கொடுக்கலாம், பால் வழியாக இது போவதில்லை. அசைக்ளோவிர் எடுத்துக்கொண்டிருந்தாலும் கொடுக்கலாம். மார்பிலோ காம்பிலோ கொப்புளம் இருந்தால் மட்டும் ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது. அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மறுபக்கம் கொடுக்கலாம்.

கவனிக்க வேண்டியது நம் வழக்கங்களை. பிறந்தவுடன் குடும்பத்தில் பேர் சொன்ன ஒருவர் விரலால் சேனை தொட்டு வைப்பது, பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ தொட்டில் போடும்போது வருகிறவர் எல்லாம் வாரி எடுத்துக் கன்னத்தில் முத்துவது, எல்லாவற்றுக்கும் மேலே குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, வெந்நீர் ஊற்றி, கடைசியில் அதன் மூக்கில் வாயை வைத்து ஊதிச் சளியை எடுப்பார்கள். உதட்டுப் புண் உள்ளவரின் வாய் நேராகக் குழந்தையின் மூக்கிலும் வாயிலும். வைரஸுக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேறெங்கே கிடைக்கும்? கொப்புளம் தெரியாத நாளிலும் எச்சிலில் வைரஸ் அவ்வப்போது இருக்கும். ஊதுவதைப் புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்திவிடலாம்.

பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு வாரத்துக்குள் தோலில், கண்ணோரம், வாயில், தலையில் நீர்க்கொப்புளம் கண்டால் காத்திருக்கக் கூடாது. கொப்புளமே இல்லாமலும் இந்த நோய் வரும். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, இடைவிடாத சிணுங்கல், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அல்லது உடம்பு சில்லிட்டுப்போவது, வலிப்பு, மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிட்டுப் பச்சிளம் குழந்தைகள் வார்டு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். போனதும் "வீட்டில் இன்னாருக்கு உதட்டுப் புண் இருந்தது" என்று சொல்லுங்கள். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் மருந்தை ஏற்றிவிடுவார்கள். தோலோடு நின்றால் 14 நாள், மூளைக்கோ உடம்புக்குள்ளோ போயிருந்தால் 21 நாள் ஊசி.

பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மலை. நேராகச் சொன்னால் "நாங்க வளர்க்காத புள்ளையா" என்று வரும். எங்கள் வீட்டில் பலித்த வழி, பிரசவத்துக்கு முன்பே டாக்டரம்மாவை வைத்து எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்தது. அப்புறம் யார் கேட்டாலும் "டாக்டரம்மா சொல்லியிருக்காங்க" என்று முடித்துக்கொண்டோம். மருமகள் சொன்னால் அவமரியாதை, டாக்டர் சொன்னால் அறிவுரை. இந்த நியாயத்தை மாற்ற நமக்கு நேரமில்லை, பயன்படுத்திக்கொள்வோம்.

தங்கைக்கு வளைகாப்பு பொருக்கோடுதான் நடந்தது. படங்களில் எல்லாம் இடது கன்னம் மட்டும் தெரியும்படி முகத்தைத் திருப்பி நிற்கிறாள். முப்பத்தொன்பதாம் வாரம் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. ஒன்பதாம் நாள் அப்பத்தாவுக்கு லேசான காய்ச்சல், மறுநாள் கீழுதட்டில் கொத்தாகக் கொப்புளம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை அது. காட்டித் தந்தது அப்பத்தாவேதான். "அந்த டாக்டரு சொன்னதுல இது ஒண்ணா பாரு" என்று என் போன் வெளிச்சத்தில் உதட்டை நீட்டியது.

பன்னிரண்டு நாள் அப்பத்தா வாசல்படியில் உட்கார்ந்து, வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, அம்மாவுக்கு உத்தரவு போட்டது. தண்ணியை முதுகில் ஊத்து, கழுத்து மடிப்பைத் துடை, தலையைத் தாங்கிப் பிடி. பதின்மூன்றாம் நாள் பொருக்கு உதிர்ந்ததும் காலை நீட்டிக்கொண்டு "இப்பக் குடு" என்றது. கொடுத்தோம். குளிப்பாட்டி முடித்து, பழக்க தோஷத்தில் குழந்தையின் மூக்கருகே குனிந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது.

"மூக்குல ஊதாம என்னடி குளிப்பாட்டு?"


துண்டை நீட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே மூக்கைத் துடைத்துவிட்டது.